சீட்டு கேட்காத மருந்துகள்



இந்தியாவில் மருந்து விற்பனையை ஆள்வது 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம். அதையும் 1945-இல் வந்த அதன் விதிகளையும் எத்தனை முறை புரட்டினாலும் ‘ஓடிசி மருந்து’ என்று ஒரு வகை அகப்படாது. மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கத் தக்கவை இவை என்று சட்டம் எங்கும் பட்டியல் போடவில்லை. சீட்டில்லாமல் விற்கக் கூடாதவை இவை என்று மட்டுமே பட்டியல் இருக்கிறது. அதில் பெயர் வராத மருந்தெல்லாம், யாரும் யோசித்து அனுமதித்ததால் அல்ல, யாரும் எதுவும் சொல்லாமல் விட்டதால், கேட்டவருக்குக் கிடைக்கும் மருந்தாகிவிடுகிறது.

தடைப்பட்டியல்களின் பெயர்களை மருந்துக்கடை வைத்திருப்பவர்கள் மூச்சுக்கு மூச்சு சொல்வார்கள். ஷெட்யூல் எச் என்றால் சீட்டு வேண்டும். அட்டையின் இடப்பக்கம் சிவப்புக் கோடு ஓடும். 2013-இல் அறிவிக்கப்பட்டு 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த ஷெட்யூல் எச்-1 இன்னும் இறுக்கமானது. பலம் கூடிய ஆன்டிபயாடிக்குகளும் காசநோய் மருந்துகளும் அதில் அடங்கும். எழுதிக்கொடுத்த மருத்துவர் யார், வாங்கியவர் யார், எத்தனை மாத்திரை என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். ஷெட்யூல் எக்ஸ் மருந்துக்குச் சீட்டு இரண்டு பிரதியாக வேண்டும்.

இவற்றுக்கு எதிர்ப்புறத்தில் இருப்பது ஷெட்யூல் கே. பாரசிட்டமால், ஆஸ்பிரின், வலித்தைலம், அசிடிட்டி மருந்து, கிரைப் வாட்டர், இருமல் சிரப் போன்ற வீட்டு மருந்துகளை உரிமம் இல்லாதவரும் விற்கலாம் என்ற விலக்கு அதில் இருக்கிறது. ஆனால் மக்கள்தொகை ஆயிரத்தைத் தாண்டாத கிராமத்தில்தான், அதுவும் பிரிக்காத உறையோடுதான். மருந்துக்கடையே இல்லாத ஊரில் நடுராத்திரி காய்ச்சல் கண்டால் என்ன செய்வது என்ற கவலையில் பிறந்த நல்ல விதி அது. நகரத்து முக்கில் இருக்கும் பெட்டிக்கடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் வாழைப்பழத்துக்கும் ஷாம்பு பாக்கெட்டுக்கும் நடுவே தலைவலி மாத்திரை தொங்காத பெட்டிக்கடையைத் தமிழ்நாட்டில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சரி, உரிமம் உள்ள கடைக்கே போவோம். சாயங்கால நேரம். “காய்ச்சலும் உடம்பு வலியும்ணா, ஒரு வேளைக்கு மாத்திரை குடுங்க” என்கிறார் வேலை முடிந்து வந்த ஒருவர். கடைக்காரர் நான்கு அட்டைகளை எடுக்கிறார். கத்தரிக்கோலால் ஒவ்வொன்றிலும் ஒன்று வெட்டுகிறார். சின்னக் காகித உறையில் போட்டு நீட்டுகிறார். ‘செட் மாத்திரை’ என்று பெயர் பெற்றது இதுதான். பாட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் அட்டையின் ஒரு முனையில் அச்சாகியிருந்தால், அந்த முனை கடையிலேயே தங்கிவிடுகிறது. 2023 ஆகஸ்டு முதல் அதிகம் விற்கும் 300 மருந்துப் பெயர்களுக்கு க்யூஆர் குறியீடு கட்டாயம். வெட்டிக் கொடுத்த மாத்திரைகளோடு அதுவும் வருவதில்லை. வாங்கியவர் கையில் இருப்பது பெயரும் ஊரும் இல்லாத நான்கு மாத்திரைகள். ராத்திரி உடம்பெல்லாம் தடித்துப்போய் அரசு மருத்துவமனைக்கு ஓடினால், “என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?” என்ற முதல் கேள்விக்கே அவரிடம் பதில் இருக்காது.

முழு அட்டையாக வாங்கினால் மட்டும் என்ன தெரிந்துவிடும்? சாதாரண பாரசிட்டமால் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். எறும்பு எழுத்தில், ஆங்கிலத்தில், அளவு என்ற இடத்தில் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: மருத்துவர் சொன்னபடி. மருத்துவரைப் பார்க்காமலே வாங்குகிற மருந்து அது. ஒரு நாளில் பெரியவர்களுக்கு நான்கு கிராமுக்கு மேல் போகக் கூடாது, அதாவது 500 மில்லிகிராம் மாத்திரையில் எட்டு. குடிப்பழக்கமோ கல்லீரல் கோளாறோ இருந்தால் அதுவும் அதிகம். சளி மாத்திரைக்குள்ளும் பாரசிட்டமால் இருக்கலாம், இரண்டையும் சேர்த்து விழுங்காதீர்கள் என்று சொல்ல வேண்டிய இடம் அந்த ஒரு வரிதான். அமெரிக்காவில் 1999-இலேயே எல்லா ஓடிசி மருந்துக்கும் ஒரே அமைப்பில் விளக்கக் கட்டம் வேண்டும் என்று விதி செய்தார்கள். எதற்கு, எவ்வளவு, யார் சாப்பிடக் கூடாது, எப்போது நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அதே வரிசையில், வாசிக்கத்தக்க அளவு எழுத்தில் இருந்தாக வேண்டும்.

இந்த உரையின் வாதம் இதுதான்: சீட்டு கேட்காத மருந்து என்றால் காவல் குறைந்த மருந்து என்று நாம் பழகிவிட்டோம். உண்மையில் அதற்குத்தான் கூடுதல் காவல் வேண்டும். சீட்டோடு வாங்கும் மருந்துக்கு இடையில் ஒரு மருத்துவர் நிற்கிறார். சீட்டில்லாத மருந்தில் அந்த இடம் காலி. அதை நிரப்ப வேண்டியவர்கள் மருந்தைச் செய்தவரும் சோதித்தவரும் கடையில் இருக்கும் பார்மசிஸ்டும்தான்.

இந்தக் காவல் எப்படி வந்தது? உலக மருந்துச் சட்டங்களின் வரலாற்றை ஒரே ஒரு வேதிப்பொருளை வைத்தே சொல்லிவிடலாம். டைஎத்திலீன் கிளைக்கால். நிறமற்றது, இனிப்பானது, பாகு போன்றது. பிரேக் ஆயிலிலும் தொழிற்சாலைக் கரைப்பான்களிலும் சேர்ப்பது. சிரப் செய்யப் பயன்படும் கிளிசரினோடும் புரொப்பிலீன் கிளைக்காலோடும் பக்கத்தில் வைத்தால் கண்ணால் பிரித்தறிய முடியாது. குடித்தால் முதலில் வாந்தி, வயிற்று வலி. பிறகு சிறுநீர் குறையும். பிறகு நின்றே போகும்.

1937-இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் பிரிஸ்டல் என்ற ஊரில் இருந்த மாசென்கில் நிறுவனம் சல்பனிலமைடை நீர்மமாக விற்க முடிவு செய்தது. தொண்டைப்புண் உள்ளிட்ட தொற்றுகளுக்கு மாத்திரையாகவும் பொடியாகவும் அது நன்றாகவே வேலை செய்துகொண்டிருந்தது. குழந்தைகளுக்குப் புகட்ட வசதியாக டானிக் மாதிரி வேண்டும் என்று கேட்டார்கள். நிறுவனத்தின் தலைமை வேதியியலாளர் ஹெரால்டு வாட்கின்ஸ் அதைக் கரைக்க டைஎத்திலீன் கிளைக்காலைத் தேர்ந்தெடுத்தார். ராஸ்பெரி மணம் சேர்த்தார்கள். நிறம் சரியா, ருசி சரியா, வாசனை சரியா என்று பார்த்தார்கள். நஞ்சா என்று பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று அன்றைய சட்டத்திலும் இல்லை. செப்டம்பரில் நாடு முழுக்க அனுப்பிவிட்டார்கள்.

அக்டோபரில் ஓக்லஹோமாவின் டல்சா நகர மருத்துவர்கள் தொடர்ச்சியாகச் சாவுகளைக் கண்டு தகவல் சொன்னபோது, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையான எஃப்.டி.ஏ.வின் கையில் இருந்தது 1906-ஆம் ஆண்டுச் சட்டம். ஆளைக் கொல்லும் மருந்தைச் சந்தையிலிருந்து பிடுங்க அதில் நேரடியாக ஒரு பிரிவும் கிடையாது. ‘எலிக்ஸர்’ என்ற பெயரில் விற்றால் அதில் ஆல்கஹால் இருக்க வேண்டும், இதில் இல்லை. ஆகவே லேபிளில் பொய் என்று குற்றம் சாட்டித்தான் புட்டிகளைப் பறிமுதல் செய்தார்கள். வெறும் கரைசல் என்று பெயர் வைத்திருந்தால் சட்டத்துக்கு வழியே இருந்திருக்காது.

பிறகு நடந்த தேடலை இன்று படித்தாலும் நெஞ்சு பதைக்கிறது. அந்தத் துறையிடம் இருந்த ஆய்வாளர்களும் வேதியியலாளர்களும் 239 பேர். ஏறக்குறைய அத்தனை பேரும் இறங்கினார்கள். விற்பனைப் பிரதிநிதிகளைத் தேடி, கடைகளின் சீட்டுக் கட்டுகளைப் புரட்டி, பாதிப் பெயர் மட்டும் எழுதியிருந்த நோயாளிகளை வீடு வீடாகத் தேடினார்கள். மலைப்பகுதிக்குக் குடிபெயர்ந்துவிட்ட குடும்பத்தின் மூன்று வயதுப் பையனைத் தேடுவதற்காக ஒரு மருத்துவர் தன் கல்யாணத்தையே தள்ளிவைத்துவிட்டு எஃப்.டி.ஏ. வேதியியலாளரோடு கிளம்பினார். தயாரித்தது 240 காலன். திரும்பக் கிடைத்தது ஏறத்தாழ 234. வெளியே தங்கிய ஆறு காலன்தான் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அவர்களில் 34 பேர் குழந்தைகள். நிறுவனம் கட்டிய அபராதம் 26,100 டாலர், லேபிளில் தவறு என்ற குற்றத்துக்காக. மகளை இழந்த ஒரு தாய் அதிபர் ரூஸ்வெல்ட்டுக்குக் கடிதம் எழுதினார். 1938 ஜூனில் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட புதிய சட்டம், விற்பனைக்கு வருமுன் மருந்தின் பாதுகாப்பைக் காட்டு என்று முதல்முறையாகக் கேட்டது.

1937-இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் இந்த நஞ்சை விலங்குகளில் சோதித்த குழுவில் ஃபிரான்சிஸ் என்ற இளம் கனடியப் பெண் ஆராய்ச்சி மாணவியாக இருந்தார். மணமான பின் கெல்சி. 1960-இல் எஃப்.டி.ஏ.வில் வேலைக்குச் சேர்ந்ததும் அவர் மேசைக்கு வந்த முதல் விண்ணப்பங்களில் ஒன்று தாலிடமைடு. மேற்கு ஜெர்மனியில் 1957 முதல் கான்டர்கன் என்ற பெயரில் சீட்டே இல்லாமல் விற்ற தூக்க மருந்து அது. கர்ப்பிணிகள் மசக்கைக்கும் சாப்பிட்டார்கள். விண்ணப்பித்த நிறுவனம் திரும்பத் திரும்ப நெருக்கியது. கெல்சி ஒவ்வொரு முறையும் கூடுதல் சான்று கேட்டுத் திருப்பி அனுப்பினார். 1961 நவம்பரில் ஜெர்மனியில் மருந்து திரும்பப் பெறப்பட்டபோது, கைகால் வளராமல் பிறந்த குழந்தைகள் பல நாடுகளில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். ஓர் அதிகாரி ‘சான்று போதாது’ என்று எழுதியதால் அமெரிக்கா பெரும்பாலும் தப்பியது.

நடுவில், 1951-இல், எது சீட்டுக்கு உரியது, எது சீட்டில்லாமல் விற்கத் தக்கது என்று அங்கே தெளிவாகக் கோடு போட்ட சட்டத்திருத்தம் வந்தது. அதைக் கொண்டுவந்த டர்ஹம், ஹம்ஃப்ரி இருவருமே அரசியலுக்கு வருமுன் பார்மசிஸ்டுகள். கவுன்டருக்குப் பின்னால் நின்ற அனுபவம் அந்தச் சட்டத்தில் இருக்கிறது.

இனி நம் ஊர். கலப்படக் கொய்னாவும் போலி மருந்துகளும் மலிந்த காலத்தில், 1930-இல், கர்னல் ராம்நாத் சோப்ரா தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. மறு ஆண்டே அறிக்கை வந்தது. சட்டம் வர 1940 ஆயிற்று. அதற்குள் டென்னசியின் பாடம் உலகத்துக்கே தெரிந்திருந்தது.

ஆனால் அதே நஞ்சு 1972-இல் சென்னையில் 15 குழந்தைகளைக் கொன்றது. 1986-இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் கிளிசரின் என்று நம்பிக் கொடுத்ததில் 14 நோயாளிகள் இறந்தார்கள். நீதிபதி லெண்டின் கமிஷன் மருந்து வாங்கிய விதத்திலிருந்து ஆய்வுக்கூடம் வரை ஊழலைத் தோண்டி எடுத்தது. 1998-இல் டெல்லி, 2020-ஐ ஒட்டி ஜம்முவின் ராம்நகர், 2022-இல் காம்பியா. காம்பியாவில் இறந்த எழுபது குழந்தைகளுக்கும் இந்தியாவில் செய்த சிரப்புகளுக்கும் தொடர்பு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் எச்சரித்த பிறகு, 2023 ஜூன் 1 முதல், ஏற்றுமதியாகும் இருமல் மருந்துகளை அரசு ஆய்வுக்கூடத்தில் சோதித்துச் சான்று பெற்றால்தான் கப்பல் ஏற்றலாம் என்று மத்திய அரசு விதித்தது. ஏற்றுமதிக்கு மட்டும். அதே ஆலையில் அதே வாரம் செய்து, நம் மருந்துக்கடைக்கு வரும் புட்டிக்கு அந்த விதி இல்லை.

இரண்டு ஆண்டு கழித்து, 2025 செப்டம்பரில், மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் குழந்தைகளுக்குச் சிறுநீர் நின்றது. அவர்கள் குடித்தது கோல்ட்ரிஃப் என்ற சளி சிரப். செய்த இடம் காஞ்சிபுரம் மாவட்டம். அக்டோபர் தொடக்கத்தில் தகவல் வந்ததும் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஆலைக்குப் போய் மாதிரி எடுத்தது. ஓரிரு நாளில் முடிவு தெரிந்துவிட்டது: அந்த பாட்சில் டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம். அனுமதிக்கத்தக்க எல்லை 0.1. தப்பித் தவறிக் கலந்த துளி இல்லை. சிரப்பில் ஏறத்தாழ பாதியே நஞ்சு. இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள், பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள். ஆலையில் முந்நூறுக்கும் மேற்பட்ட குறைகள் பதிவாயின, உரிமம் ரத்தானது, உரிமையாளர் கைதானார்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த சிரப்பைப் பல பெற்றோர் தாமாக வாங்கவில்லை. மருத்துவர் எழுதித்தான் கொடுத்தார். சீட்டு இருந்தது. சீட்டால் அந்த நஞ்சைக் கண்டுபிடிக்க முடியாது. ஓரிரு நாளில் முடிந்த அந்தச் சோதனை, குழந்தைகள் இறந்த பிறகு நடந்தது. கரைப்பான் பீப்பாய் ஆலைக்குள் வந்த அன்றே நடந்திருக்க வேண்டும். அதற்குக் கோடி ரூபாய்க் கருவி வேண்டியதில்லை. டி.எல்.சி. என்ற எளிய முறை இருக்கிறது. வெள்ளைப் பூச்சு பூசிய ஒரு சின்னத் தகடு. அடியில் மாதிரியிலிருந்து ஒரு சொட்டு, பக்கத்தில் டைஎத்திலீன் கிளைக்கால் ஒரு சொட்டு. தகட்டின் அடியை ஒரு கரைப்பானில் நிறுத்தினால் அது மேலே ஊறிப்போகும்போது ஒவ்வொரு பொருளும் தனக்குரிய உயரத்தில் நின்றுவிடும். சாயம் காட்டினால் புள்ளிகள் தெரியும். நஞ்சின் உயரத்தில் மாதிரியும் புள்ளி வைத்தால் பீப்பாயைத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

கோல்ட்ரிஃப்பில் இருக்க வேண்டிய மருந்துகளையும் பார்க்க வேண்டும்: பாரசிட்டமால், குளோர்பெனிரமின், பினைல்எஃப்ரின். இவற்றில் பின்னிரண்டும் சேர்ந்த கலவையை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தரக் கூடாது என்று லேபிளில் அச்சிடும்படி 2023 டிசம்பரிலேயே மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டிருந்தது. பினைல்எஃப்ரினின் கதை இன்னும் விசித்திரம். வாய்வழியாகச் சாப்பிட்டால் அது மூக்கடைப்பைத் திறக்கவே இல்லை என்று 2023 செப்டம்பரில் எஃப்.டி.ஏ.வின் ஆலோசனைக் குழு ஒருமனதாக வாக்களித்தது. பல காலம் உலகமெங்கும் கடைத்தட்டில் இருந்த மருந்து. இறந்த குழந்தைகளில் பலருக்கு வந்தது தானாக அடங்கக்கூடிய சளியும் காய்ச்சலும். மருந்து சுத்தமாகவே இருந்திருந்தாலும், அது அந்த வயதுக்கு வேண்டாத மருந்து.

இப்படிப் பல மருந்தை ஒன்றாகக் குழைத்து விற்கும் பழக்கம் நம் சந்தையில் மிக அதிகம். 2016 மார்ச்சில் 344 கலவைகளை அரசு தடை செய்தது. வழக்குகள் ஓடின. 2018 செப்டம்பரில் மறுபடி 328. 2024 ஆகஸ்டில் 156. தடை வந்தவுடன் ஒரு மருந்தை மாற்றிப் போட்டு அதே பெயரில் புதுக் கலவை வந்துவிடுகிற சந்தையில், பின்னால் துரத்திப் பிடிக்கும் முறை போதாது.

சிறிய விதி ஒன்று எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு பிரிட்டன் சான்று. அங்கே பாரசிட்டமாலை அளவுக்கு மீறி விழுங்கி ஆண்டுதோறும் பலர் இறந்துகொண்டிருந்தார்கள். பல சமயம் ஒரு கணத்து மனக்கொதிப்பில், வீட்டு அலமாரியில் கைக்கு அகப்பட்டதை எடுத்து. 1998 செப்டம்பரில் சட்டம் மாறியது. சாதாரணக் கடையில் ஒரு பெட்டிக்கு 16 மாத்திரை, மருந்துக்கடையில் 32. மருந்தைத் தடை செய்யவில்லை, சீட்டுக்கு மாற்றவில்லை, வீட்டில் சேர்ந்து கிடக்கும் அளவைத்தான் குறைத்தார்கள். ஆக்ஸ்போர்டின் கீத் ஹாட்டன் குழு 2013-இல் வெளியிட்ட கணக்குப்படி, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அடுத்த 11 ஆண்டுகளில் அவ்வகை இறப்புகள் 43 சதவீதம் குறைந்தன; ஏறத்தாழ 765 உயிர்கள். அதே போல, 1982-இல் சிகாகோவில் டைலனால் என்ற பாரசிட்டமால் காப்ஸ்யூலில் யாரோ சயனைடு கலந்து ஏழு பேர் இறந்த பிறகுதான், பிரித்தால் தெரிந்துவிடும் முத்திரையோடு ஓடிசி மருந்துகள் வரவேண்டும் என்ற விதி பிறந்தது.

இந்தியாவிலும் முயற்சி இல்லாமல் இல்லை. 2022 மே மாதம் பதினாறு மருந்துகளைச் சீட்டில்லாமல் விற்கத் தக்கவை என்று முறைப்படுத்த மத்திய சுகாதார அமைச்சகம் வரைவு வெளியிட்டது. கோல்ட்ரிஃப்புக்குப் பிறகு, ஷெட்யூல் கே விலக்கிலிருந்து சிரப்பை எடுத்துவிடலாம் என்ற யோசனையும் எழுந்தது. இரண்டும் தேவையானவை. ஆனால் பட்டியலோடு லேபிளும் மாற வேண்டும். ‘மருத்துவர் சொன்னபடி’ என்ற வரி போய், வயதுவாரியாக அளவும் நாளுக்கு எல்லையும் மாநில மொழியில் வர வேண்டும். வெட்டிக் கொடுத்தாலும் பெயரும் காலாவதியும் தெரியும்படி ஒவ்வொரு மாத்திரைக் குழியின் பின்னும் அச்சிட வேண்டும். 1948-ஆம் ஆண்டின் பார்மசி சட்டப்படி மருந்தை எடுத்துக்கொடுக்க வேண்டியவர் பதிவு பெற்ற பார்மசிஸ்ட். சுவரில் சான்றிதழ் மட்டும் தொங்கி, கவுன்டரில் வேறொருவர் நிற்கும் கடைகளில் அந்தப் பார்மசிஸ்டையே நாற்காலியில் உட்காரவைக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஆள் வேண்டும். 50 மருந்து ஆலைக்கு ஓர் ஆய்வாளர், 200 விற்பனைக் கடைக்கு ஓர் ஆய்வாளர் என்று மருந்துக் கட்டுப்பாட்டை ஆராய்ந்த மஷேல்கர் குழு 2003-இல் சொன்னது. ஏற்றுமதி சிரப்புக்கு இருக்கும் சோதனையை உள்ளூர் சிரப்புக்கும் கட்டாயமாக்கி, பாட்ச் வாரியாக முடிவை யாரும் பார்க்கும்படி வெளியிடவும் அந்த ஆள்பலம்தான் தேவை. மாநில பட்ஜெட் வரும்போதெல்லாம் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் எத்தனை ஆய்வாளர் இடம் நிரம்பியிருக்கிறது என்று சட்டமன்ற உறுப்பினர்களிடம் நாம் கேட்கத் தொடங்கலாம்.